எஃப்.பி.எல். டிராஃப்ட்: யாரும் எடுக்காத ஆட்களில்தான் ஆட்டமே இருக்கிறது

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக் இலவசமாக நடத்தும் ஃபேன்டஸி கால்பந்தில் (சுருக்கமாக எஃப்.பி.எல்.) இரண்டு வகை உண்டு. நாம் எடுத்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கு நமக்குப் பாயிண்ட், அதுதான் ஆட்டம். நம்மூரில் பலரும் ஆடுவது பழைய வகை: 100 மில்லியன் பவுண்டு பட்ஜெட், பதினைந்து பேர் அணி, வாராவாரம் ஒரு கேப்டன். அதில் உங்கள் அணியிலும் ஹாலண்ட், என் அணியிலும் ஹாலண்ட், பக்கத்து வீட்டுப் பையன் அணியிலும் ஹாலண்ட். 2017-18 சீசனில் வந்த டிராஃப்ட் அப்படி இல்லை. தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு லீக் அமைத்துக்கொண்டால், அதற்குள் ஒரு வீரர் ஒருவருக்குத்தான். விலை கிடையாது, கேப்டன் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வரிசைப்படி ஆள் எடுக்க வேண்டும். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். சேலத்தில் எங்கள் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களுமாகப் பத்துப் பேர் சேர்ந்து ஆடுவது இதைத்தான்.

டிராஃப்டைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் நாள் ஆள் எடுப்பதையே பெரிதாக எழுதுகிறார்கள். அது ஒரு ராத்திரிக் கொண்டாட்டம், சரி. ஆனால் லீக்கை ஜெயிக்க வைப்பது அதற்கப்புறம் வரும் நாலைந்து வாரங்கள். யாரும் எடுக்காமல் கிடக்கிற ஆட்களில் யாரைத் தூக்குவது, நம்மிடம் இருப்பவர்களில் யாரைக் கழட்டிவிடுவது என்பதுதான் அப்போது வேலை. அந்த வேலையை இந்த ஆட்டம் எவ்வளவு நியாயமாக அமைத்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கடையில் போனில் இதைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்தால், வருகிறவர்கள் "இதுவும் காசு கட்டி ஆடுறதாங்க?" என்றுதான் கேட்பார்கள். இல்லை. ஒரு பைசா கட்ட வேண்டாம், கட்டவும் வழியில்லை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிறுத்தி, ட்ரீம்11 மாதிரி செயலிகளில் கட்டணப் போட்டிகள் நின்றபோதும் இதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கணக்கு தொடங்கினால் போதும். எங்கள் லீக்கில் மாதக் கடைசியில் அடிமட்டத்தில் இருப்பவர் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும். அதற்கு மேல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, வைக்கவும் விடமாட்டேன்.

இப்போது கணக்கு. ஒருவருக்கு 15 வீரர்கள்: 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்ட். பத்துப் பேர் லீக்கில் 150 பேர் எடுக்கப்பட்டுவிடுவார்கள். பிரீமியர் லீக்கில் 20 கிளப். ஒரு வாரத்தில் முதல் பதினொன்றில் இறங்குகிறவர்கள் 220 பேர். அதாவது எல்லோரும் சரியாக ஆடுகிறவர்களை மட்டுமே எடுத்திருந்தாலும் எழுபது பேர் மிச்சம். நிஜத்தில் அதைவிட அதிகம், ஏனென்றால் ஆகஸ்டில் ஒவ்வொருவரும் பெயருக்காக எடுத்த இரண்டு மூன்று பேர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒழுங்காகத் தொண்ணூறு நிமிடம் ஆடுகிற ஆட்கள் கேட்பாரில்லாமல் கிடக்கிறார்கள். பழைய வகை ஆட்டத்தில் இந்த உணர்வே வராது.

அவர்களை எடுக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். முதல் வழி வேவர். யார் வேண்டும், அவருக்குப் பதிலாக யார் போக வேண்டும் என்று விருப்ப வரிசையில் எழுதி வைத்துவிட வேண்டும். நீங்கள் எழுதியது மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த வாரத்துக்கு அணியை முடித்துக்கொள்ள வேண்டிய டெட்லைனுக்கு 24 மணி நேரம் முன்பு எல்லோருடைய பட்டியலையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பார்ப்பார்கள். லீக்கில் கடைசியில் இருப்பவருக்குத்தான் முதல் உரிமை. ஒரு ஆளை வாங்கியதும் அவர் வரிசையின் பின்னால் போய்விடுவார். அடுத்தவர் முறை வரும். இது முடிந்ததும் இரண்டாவது வழி திறக்கும். மிச்சம் இருக்கிறவர்கள் ஃப்ரீ ஏஜென்ட். டெட்லைன் வரை யார் முதலில் தட்டுகிறாரோ அவருக்கு.

நேரம்தான் நமக்கு வசதி. ஒரு சுற்று ஆட்டங்களை கேம்வீக் என்பார்கள். அதன் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு டெட்லைன். பெரும்பாலும் சனிக்கிழமை இங்கிலாந்து நேரம் பகல் 12.30 ஆட்டம் முதலில் வரும், அப்படியானால் டெட்லைன் நமக்குச் சனி மதியம் 3.30. வேவர் முடிவு வெள்ளி மதியம் 3.30. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அந்த நேரத்தில் கடைத்தெரு கொஞ்சம் அடங்கியிருக்கும். காலை மருந்துச் சீட்டுக் கூட்டம் போய், சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு இடைவெளி. மூன்றரைக்குத் திறந்து பார்த்தால் யாருக்கு யார் போனார் என்பது மொத்தமும் வந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் இருக்கும் வாரங்களில் கணக்கு மாறும். 2025 ஆகஸ்ட் 15 தொடக்க ஆட்டத்துக்கு டெட்லைன் நமக்கு இரவு 11 மணி, வேவர் அதற்கு முந்தின இரவு 11. அதை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு வழியும் ஏன் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது எங்கள் லீக்கில் ஏற்காட்டிலிருந்து ஆடுகிற என் சின்ன அண்ணனைப் பார்த்தால் புரியும். காபி எஸ்டேட்டில் வேலை. சில்வர் ஓக் மரத்துக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் பாதி நேரம் போனில் ஒரு கோடு கூட இருக்காது. "முந்திக்கிட்டவனுக்கே" என்று மட்டும் விதி இருந்தால் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து வைஃபையில் ஆடுகிறவனோடு அவர் எந்தக் காலத்திலும் போட்டி போட முடியாது. வேவர் இருப்பதால் வியாழன் இரவு வீட்டுக்கு வந்து பட்டியலை எழுதிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். மறுநாள் மூன்றரைக்கு அவர் தோட்டத்துக்குள் இருந்தாலும் அவர் கேட்ட ஆள் அவருக்கு வந்துவிடும். எங்கள் லீக்கில் சீசன் ஆரம்பத்தில் நல்ல ஆட்களைத் தூக்குவதில் அவர்தான் கெட்டிக்காரர். அவசரப்பட வழியில்லாததால் நிதானமாக யோசித்து எழுதுகிறார்.

வேகம் வேண்டியது வெள்ளி சாயங்காலத்தில். பல மேனேஜர்களின் பத்திரிகையாளர் சந்திப்பு இங்கிலாந்தில் வெள்ளி பகலில் நடக்கும். அது நமக்கு மாலை. அதாவது வேவர் முடிந்த பிறகு. "இவருக்குத் தொடையில் பிடிப்பு, நாளை இல்லை" என்று ஒரு மேனேஜர் ஆறு மணிக்குச் சொன்னால், அந்த இடத்தில் இறங்கப் போகிறவர் அந்த நிமிடம் ஃப்ரீ ஏஜென்டாகக் கிடக்கிறார். லீக்கில் முதலிடத்தில் இருப்பவருக்கு வேவரில் கடைசி முறைதான் வரும். அவர் பிழைப்பது இந்த வெள்ளி சாயங்காலத்தில்தான். கடைசியில் இருப்பவருக்கு ஒரு வழி, முன்னால் இருப்பவருக்கு ஒரு வழி. நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, யாரை எடுப்பது?

என் அக்கா மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. முதல் வாரம் முடிந்த வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணினாள்.

"சித்தி, ஒரு ஃபார்வர்ட் 11 பாயிண்ட் எடுத்திருக்கார். யார்கிட்டயும் இல்ல. என் முதல் வேவரே இவருக்குத்தான்."

"எத்தனை நிமிஷம் ஆடினார்னு பாரு கண்ணு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருபத்திரண்டு நிமிஷம்."

"அவர் இறங்கும்போது ஸ்கோர் என்ன?"

"மூணுக்குப் பூஜ்யம். இவங்க டீம் முன்னாடி."

"அடுத்த வாரம் முதல்லயே இறக்குவாங்களா?"

அவளே யோசித்து, இறங்க மாட்டார் என்று முடிவு பண்ணினாள். அதே ஆட்டத்தில் 90 நிமிடமும் ஆடி, கார்னர் அத்தனையும் எடுத்து, பாயிண்ட் மட்டும் பெரிதாகக் கிடைக்காத இடதுபக்க டிஃபெண்டர் ஒருவர் பட்டியலில் கீழே கிடந்தார். அவரைக் கேட்டாள், கிடைத்தார்.

எல்லாம் இதில் இருக்கிறது. பட்டியலைப் பாயிண்ட் வரிசையில் பார்த்தால் போன வாரம் நடந்தது தெரியும். நமக்கு வேண்டியது அடுத்த வாரம். அறுபது நிமிடம் ஆடினால் 2 பாயிண்ட், அதற்குக் குறைந்தால் 1. கோல், கோலுக்குப் பந்து கொடுக்கும் அசிஸ்ட், அணி கோலே வாங்காத கிளீன் ஷீட் எல்லாம் மைதானத்தில் இருப்பவருக்குத்தான் வரும். டிஃபெண்டருக்குக் கிளீன் ஷீட் பாயிண்ட் நாலும் கிடைக்க அறுபது நிமிடம் நின்றாக வேண்டும். ஆகவே முதலில் நிமிடம். அப்புறம் பெனால்டி, கார்னர், ஃப்ரீகிக் யார் எடுக்கிறார். அதற்கப்புறம்தான் யார் யாரோடு அடுத்த நாலு ஆட்டம் என்பது. எங்கள் கடையில் ஒரு வாரம் காய்ச்சல் பரவி ஒரு சிரப் ஓடினால் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்க மாட்டோம். மாதாமாதம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வாங்குகிறவர்களுக்கான மாத்திரை ஒருநாளும் தீரக்கூடாது. ஆள் எடுப்பதிலும் அந்த மாத்திரை மாதிரி ஆட்களைத்தான் தேடுகிறேன்.

நிமிடம் மட்டும் போதுமா என்றால், போதாது. 2019-இல் நார்விச்சின் பூக்கி முதல் மூன்று ஆட்டத்தில் 5 கோல் அடித்தார், நியூகாசிலோடு ஹாட்ரிக். நிமிடம் இருந்தது, ஃபார்மும் இருந்தது. சீசன் முடிந்தபோது மொத்தம் 11 கோல், நார்விச் கடைசி இடத்தில் கீழே இறங்கியது. அணி பந்தையே கொண்டுவந்து கொடுக்காதபோது ஃபார்வர்ட் என்ன செய்வார். மாறாக 2024-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வுட். முதல் நாளே போர்ன்மவுத்தோடு ஒரு கோல். பெனால்டியும் அவருடையது, அணியும் ஒழுங்காக நின்றது, சீசன் முடிவில் 20 கோல். இருவரையும் ஆகஸ்டில் தூக்கலாம், தப்பில்லை. ஆனால் பூக்கி மாதிரியானவரை அக்டோபருக்கு முன்னாலேயே வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் எண்ணத்தோடு தூக்க வேண்டும். லீக்கில் இருவர் ஆள் மாற்றிக்கொள்ளும் ட்ரேட் அனுமதித்திருந்தால் அவர் சூடாக இருக்கும்போதே நல்ல ஆள் கிடைப்பார்.

பெனால்டிக்குப் பால்மரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2023 செப்டம்பர் 1, வீரர் மாற்றத்தின் கடைசி நாளில் செல்சிக்கு வந்தார். டிராஃப்ட் அதற்குள் பெரும்பாலான இடங்களில் முடிந்துவிட்டது. அக்டோபர் 7-ஆம் தேதிதான் முதல் லீக் கோல், பர்ன்லியோடு, அதுவும் பெனால்டி. அந்தச் சீசன் 22 கோல். பெனால்டிப் பந்தை யார் கையில் எடுக்கிறார் என்று பார்த்த நிமிடத்தில் வேவர் போட்டவர்களுக்கு மீதி சீசன் முழுவதும் பலன்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. 2025 வரை செப்டம்பர் தொடக்கத்தில் வீரர் மாற்றம் மூடியதும் இரண்டு வாரம் சர்வதேச ஆட்டங்களுக்காக லீக் நின்றது. வீரர் மாற்றம் மூடியதற்கு அப்புறம் வரும் முதல் வேவர்தான் சீசனிலேயே பெரியது. புதிதாக வந்தவர்கள் எல்லாம் அப்போது கைக்கெட்டும். 2025-இல் ஈசாக் நியூகாசிலை விட்டு லிவர்பூலுக்குப் போனார். எல்லோரும் ஈசாக்கைப் பற்றிப் பேசினார்கள். கவனிக்க வேண்டியது அவர் விட்டுப்போன இடத்தை. நியூகாசில் அதற்கு ஸ்டட்கார்ட்டிலிருந்து வோல்டமாடாவையும் பிரென்ட்ஃபோர்டிலிருந்து விஸ்ஸாவையும் வாங்கியது. பிரீமியர் லீக்கில் பழகியவர் என்று விஸ்ஸாவைப் பலர் விரும்பினார்கள். அவர் தன் நாட்டுக்காக ஆடப்போன இடத்திலேயே முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். செப்டம்பர் 13-ஆம் தேதி வுல்வ்ஸோடு வோல்டமாடா முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார், நியூகாசில் 1-0. என் அண்ணன் அப்போது சொன்னது: "ஆளைப் பாக்காதம்மா, காலியான எடத்தப் பாரு." இன்றுவரை எனக்கு அதுதான் வழி. சர்வதேச இடைவேளை முடிந்து வீரர்கள் திரும்பும்வரை பட்டியலை இறுதி செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தின் பட்டியலில் ஒருவரை எந்த நிலையில் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்கிற பழக்கமும் வேண்டும். 2019-20-இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் லண்ட்ஸ்ட்ரம் டிஃபெண்டர் என்று எழுதப்பட்டிருந்தார், ஆடியதோ மிட்ஃபீல்டில். கோல் அடித்தால் டிஃபெண்டருக்கான 6 பாயிண்ட், கிளீன் ஷீட்டுக்கு 4. ஒவ்வொரு சீசனும் இப்படி ஓரிருவர் கிடைக்கலாம். முதல் இரண்டு ஆட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2025-26-இல் வந்த புது விதி இந்தத் தேடலை இன்னும் சுவாரசியமாக்கியது. ஒரு டிஃபெண்டர் ஒரே ஆட்டத்தில் டாக்கிள், கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன் என்று தடுக்கும் வேலை எல்லாம் சேர்த்துப் பத்து செய்தால் 2 பாயிண்ட். மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் பந்தை மீட்பதையும் சேர்த்துப் பன்னிரண்டு. முன்பெல்லாம் நடுவில் நிற்கும் டிஃபெண்டரான சென்டர் பேக் என்றால் கிளீன் ஷீட் வராத நாளில் ஒன்றுமில்லை. அந்தச் சீசனில் போர்ன்மவுத்தின் செனேசி, எவர்டனின் டார்கோவ்ஸ்கி மாதிரி நாள் முழுக்கத் தலையால் முட்டித் தள்ளுகிறவர்கள் கோல் வாங்கின நாளிலும் கையில் ஏதாவது கொண்டு வந்தார்கள். பெரிய கிளப்பின் பெஞ்ச் டிஃபெண்டரை வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, அடிவாங்கிக்கொண்டே இருக்கிற கிளப்பின் சென்டர் பேக் மேல்.

கோல்கீப்பரிலும் இதே கதை. கீழ் லீக்கிலிருந்து புதிதாக மேலே வந்த கிளப் என்று சண்டர்லாண்டை 2025 ஆகஸ்டில் ஒதுக்கியவர்கள் பலர். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 3-0 என்று ஜெயித்து, கீப்பர் ரோஃப்ஸ் கிளீன் ஷீட் வாங்கினார். மேலே வந்த கிளப்பின் ஃபார்வர்டுக்கு நான் தயங்குவேன். கீப்பருக்குத் தயங்க மாட்டேன். மூன்று பந்து தடுத்தால் ஒரு பாயிண்ட், தடுக்க வேலை நிறைய வரும்.

கழட்டிவிடுவதைப் பற்றி ஒரே ஒரு பிடிவாதம் எனக்கு. முதல் மூன்று சுற்றில் எடுத்த ஆளைச் செப்டம்பரில் விடவே கூடாது. 2021-22-இல் 23 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட்டை லிவர்பூலின் சாலாவோடு பகிர்ந்துகொண்டவர் டாட்டன்ஹாமின் சன். அடுத்த சீசனில் முதல் ஆறு லீக் ஆட்டத்தில் ஒரு கோல் இல்லை. 2022 செப்டம்பர் 17, லெஸ்டரோடு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்புறம் இறங்கி, ஏறக்குறைய 13 நிமிட இடைவெளியில் ஹாட்ரிக். இந்த ஆட்டத்தில் நீங்கள் விட்ட ஆளைத் திரும்ப எடுக்க வரிசை வேண்டும், அந்த வரிசையில் கடைசி அணிதான் முதலில் நிற்கிறது. பதிமூன்று, பதினான்கு, பதினைந்தாம் சுற்றில் எடுத்தவர்களைத் தயங்காமல் மாற்றுங்கள். அந்த இடங்கள் அதற்காகத்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில்தான். கால்பந்தை நன்றாகப் புரிந்துகொள்கிற என் மாமனார் மாதிரியானவர்களுக்கு வேவர் போடும்போது கூடவே ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் வந்தால் அவர் எங்கள் எல்லோரையும் தோற்கடிப்பார் என்று உறுதியாகச் சொல்வேன். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி பழைய வகை ஆட்டத்துக்கானவை. அங்கே ஒரு ஆளைப் புகழ்வது அவர் விலை குறைவு என்பதற்காக. டிராஃப்டில் விலையே கிடையாது, ஆகவே அந்த யோசனை இங்கே செல்லாது. மாதக் கட்டணம் கட்டி ஒரு ஆலோசனைச் செயலியில் சேர்ந்தேன். டிராஃப்டுக்கென்று தனிப்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அதே விலைப் பட்டியல், தலைப்பு மட்டும் வேறு. அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆட்டத்தின் சொந்தப் பட்டியலும், ஆட்டத்தைப் பார்க்கிற இரண்டு கண்ணும் போதும்.

டிராஃப்ட் இரவில் எல்லோருக்கும் நல்ல சிக்னல் இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆள் எடுக்க ஒவ்வொருவருக்கும் நேர வரம்பு உண்டு. நேரம் போனால் கணினியே ஆளை எடுத்துவிடும். அதனால்தான் எங்கள் லீக்கில் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு எல்லோரும் சேலத்துக்கு வந்திருக்கும்போது, அண்ணனும் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு, ஒரே வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அதை முடித்துவிடுகிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: எட்டிலிருந்து பத்துப் பேர் வையுங்கள். நாலைந்து பேர் மட்டும் என்றால் எடுக்கப்படாதவர்களிலேயே நட்சத்திரங்கள் கிடப்பார்கள், வேவருக்கு மதிப்பிருக்காது. பதினான்கு, பதினாறு பேர் என்றால் செப்டம்பரிலேயே பட்டியல் வறண்டுவிடும். வாராவாரம் ஒருவரோடு ஒருவர் மோதும் முறையும் இருக்கிறது, மொத்தப் பாயிண்ட் முறையும் இருக்கிறது. முதல் சீசனுக்கு மொத்தப் பாயிண்ட் வையுங்கள், ஒரு வார அதிர்ஷ்டம் யாரையும் கெடுக்காது. ட்ரேடை லீக் நடத்துகிறவர் ஒப்புதலோடு என்று அமையுங்கள், இல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்குள் ஆள் மாற்றிக்கொண்டு மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வெள்ளி மதியம் மூன்றேகாலுக்குப் போனில் அலாரம் வையுங்கள். அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் அதை நாலேகாலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.